கூலமும் குருதியின் காவலரும்

உணவே மருந்து என்று மேடைதோறும் கூறக் கேட்கிறோம். கூறுவோர் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். எவ்வுணவில் உள்ள எப்பொருள், உடலின் எப்பகுதியை அடைந்து, என்ன வினையை ஆற்றுகிறது என்று மாணவர் ஒருவர் எழுந்து வினவினால், விடையிறுக்க நம்மில் பலரால் இயல்வதில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபின் 'நோய் எதிர்ப்பாற்றல்' என்னும் தொடர் கஷாயப் பொட்டலம் முதல் பிஸ்கட் உறை வரை அச்சாகிவிட்டது. சொல்லுக்குப் பொருள் காண்பது தமிழாசிரியர் தொழில். இத்தொடருக்கும் பொருள் காண முற்பட்டோம். முற்பட்டதற்கு நம் இல்லத்திற்குள்ளேயே ஒரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கூலம் என்பது பருப்பு வகைகளையும் தழுவி வழங்கிய சொல். ஈண்டு நெல், கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், கம்பு, கேழ்வரகு முதலிய புல்லினத் தானியங்களை மட்டுமே கருதுகிறோம். இவற்றுள் ஓட்ஸ் தமிழ்ப் பெயரின்றியே நம் சமையலறைக்குள் நுழைந்துவிட்டது. வாற்கோதுமைக்கோ அழகிய பெயர் வாய்த்துள்ளது. கதிரின் நுனியில் வால்போல் நீண்ட கூர் உடைமையின் வால் கோதுமை, வாற்கோதுமை ஆயிற்று. பார்லி என்றால்தான் கடைக்காரருக்கு விளங்கும் என்பது வேறு செய்தி.

விழுங்கும் அணுக்கள்

குருதியில் செவ்வணுக்களும் வெள்ளணுக்களும் உள்ளன என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளோடு போரிடும் வகையை உலகுக்குக் காட்டியவருள் முதல்வர் இலியா மெச்னிகோவ் என்னும் உருசிய அறிஞர். 1882ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் அவர் தங்கியிருந்தார். கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கத்தக்க நட்சத்திர மீனின் இளவுயிரிகளுள் சிறு ரோஜா முட்களைக் குத்தி வைத்தார். மறுநாட் காலை நுண்ணோக்கியில் நோக்கியபோது, அசையும் அணுக்கள் அம்முட்களைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். அந்நியப் பொருளை வளைத்து விழுங்க முயலும் இவ்வணுக்களே உடலின் காவலர் என அவர் கொண்ட முடிவு, கால் நூற்றாண்டுக் காலம் வாதப் பிரதிவாதங்களுக்கு உட்பட்டது. 1908இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இன்று இக்காவலரின் வகைகள் பலவாக விரிந்துள்ளன. பெருவிழுங்கணுக்கள் திசுக்களில் அமர்ந்து காவல் புரிகின்றன. நியூட்ரோபில்கள் புண்பட்ட இடத்திற்கு முதலில் விரைகின்றன. இயற்கைக் கொல்லணுக்கள் வைரஸ் புகுந்த உயிரணுக்களையும் புற்றணுக்களையும் அழிக்கின்றன. கழுத்துக்குக் கீழே மார்பின் உட்புறமுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறும் டி அணுக்கள் பகைவனை அடையாளம் கண்டு நினைவிற்கொள்கின்றன. இவ்வணுக்களில் பெரும்பங்கு குடலைச் சார்ந்தே உறைகின்றது. நாள்தோறும் வெளியுலகப் பொருள் மிகுதியாக உடலைத் தொடும் இடம் குடலேயன்றோ? ஆகவே நாம் உண்ணும் சோறும் கஞ்சியும் இக்காவலர் முன்னிலையிலேயே செரிக்கின்றன.

தவிட்டின் வரலாறு

நெல்லின் மேலுறை உமி. அதற்குள் தவிட்டுப் படலம். ஒரு முனையில் முளை. நடுவில் மாவுப்பகுதி. ஆலையில் தீட்டி வெண்மையாக்கும்போது தவிடும் முளையும் நீங்க, எஞ்சுவது மாவுப்பகுதியே. தவிட்டின் அருமையை முதன்முதலில் அறிவியலுக்கு உணர்த்தியவை சாவகத் தீவின் கோழிகள்.

1890களில் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கோழிகளுக்குக் கால்கள் தளர்ந்து அந்நோய் ஒத்த நோய் கண்டது. சில மாதங்களில் தாமே தேறின. ஆராய்ந்தபோது, இடைக்காலத்தில் இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு இடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்தின் அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டதும் தெரியவந்தன. எய்க்மன் முதலில் மாவுப்பொருளில் நஞ்சு உண்டென்றும் தவிடு அதனை முறிக்கிறதென்றும் எண்ணினார். தவிட்டில் உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் உண்டு, அது குறைவதே நோய் என்று 1901இல் விளக்கியவர் அவருடைய உடனுழைப்பாளர் கெரிட் கிரைன்ஸ். அப்பொருளே இன்று நாம் தயமின் எனும் பி1 வைட்டமின். நோபல் பரிசு 1929இல் எய்க்மனுக்கும் ஹாப்கின்சுக்கும் சென்றது. கிரைன்ஸ் பெயர் பாடநூல்களில் அருகியே காணப்படுகிறது. சமையற்காரரின் பெயரோ எங்குமே காணப்படவில்லை.

நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்தும் நம் புழுங்கல் முறையில், தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி நீரோடு உள்ளே புகுந்து மாவுப்பகுதியில் தங்கிவிடுகிறது. புழுங்கலரிசி உண்போரிடையே பெரிபெரி குறைந்திருந்ததன் காரணம் இதுவே.

வைட்டமினோடு தவிட்டின் கதை முடியவில்லை. தவிட்டில் அராபினோசைலான் என்னும் நார்ப்பொருளும், அதனோடு பிணைந்த ஃபெரூலிக் அமிலமும், காமா ஒரைசனால் என்னும் எண்ணெய்ப் பொருளும் உள்ளன. ஷீட்டேக் காளானின் நொதிகளால் பக்குவப்படுத்திய அரிசித் தவிட்டு அராபினோசைலான், இயற்கைக் கொல்லணுக்களின் செயலைக் கூட்டுகிறது எனச் சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனைக் காட்டி விலையுயர்ந்த பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. ஆய்வுக்குழாயில் கொல்லணு சுறுசுறுப்படைந்தது என்பதற்கும், நோயாளி நலம் பெற்றார் என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. புற்றுநோய் கண்ட முதியவரின் குடும்பத்தார் மருத்துவரின் மருந்தை நிறுத்திவிட்டு இப்பொட்டலத்தை நாடுவாராயின் அது பெருந்தீங்காகும்.

பூட்டும் திறவுகோலும்

கூலத்திலுள்ள பொருள்களுள் எதிர்ப்பு அணுக்களைப் பற்றி மிகுதியாக ஆராயப்பட்டது பீட்டா குளுக்கான். பெயர் அச்சுறுத்தினாலும் பொருள் எளிதே. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை அது. சோற்றின் மாவுப்பொருளும் அதே மணிகளால் ஆயதுதான். ஆனால் முடிச்சுப் போடும் முறை வேறு. மாவின் முடிச்சை அவிழ்க்க நம் குடலில் நொதி உண்டு. பீட்டா முடிச்சை அவிழ்க்க நம்மிடம் நொதி இல்லை. ஓட்ஸிலும் வாற்கோதுமையிலும் இது மிகுதி. கோதுமையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு. அரிசியில் அதனினும் குறைவு. ஓட்ஸ் கஞ்சியின் வழுவழுப்பு இப்பொருளால் ஆவதே.

பூஞ்சைகளின் உறையிலும் பீட்டா குளுக்கான் உண்டு. நம் பெருவிழுங்கணுக்கள் பூஞ்சையை எதிரி என அறிவது அவ்வுறையைத் தொட்டே. தொட்டறியும் ஏற்பியாகிய டெக்டின்-1 என்பதை 2001இல் ஆக்ஸ்ஃபோர்டில் கோர்டன் பிரவுன், சியாமன் கோர்டன் ஆகியோர் இனங்கண்டனர். இதனைப் பூட்டு என்றால் பீட்டா குளுக்கான் திறவுகோல். அங்ஙனமாயின் ஓட்ஸ் உண்டவுடன் பூட்டுகள் திறந்து காவலர் எல்லாம் எழுந்து நிற்பரோ? விளம்பரம் எழுதுவோர் ஆம் என்கின்றனர். உண்மை அத்துணை எளிதன்று.

பூஞ்சையின் மாலையில் ஒன்றுக்கு மூன்று என்னும் முடிச்சுகளே முதுகெலும்பாக அமைய, பக்கங்களில் கிளைகள் உண்டு. கூலத்தின் மாலை கிளையற்றது. அதன் முடிச்சுகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கு நான்கு என்னும் வகை. ஆகவே திறவுகோலின் பற்கள் ஒத்துப்போவது ஓரளவே. மேலும் 2011இல் வெளியான ஓர் ஆய்வு பிறிதோர் உண்மையைத் தெரிவித்தது. பீட்டா குளுக்கான் துகளாக வந்து பல ஏற்பிகளை ஒருசேரத் தொட்டால்தான் அணு விழித்தெழுகிறது. நீரில் கரைந்த நிலையில் ஏற்பியைப் பற்றினாலும் அணு எழுவதில்லை. உதிரி எழுத்துகள் காதில் விழுவது வேறு, சொல்லாக விழுவது வேறு என்பதுபோல இதனைக் கருதலாம். ஓட்ஸின் பீட்டா குளுக்கானோ பெரும்பாலும் நீரில் கரைவது.

இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு சோதனைகளை நோக்கினால் அவற்றின் முரண் வியப்பளிப்பதில்லை. 2004இல் தென் கரோலைனாவில் நடந்த ஆய்வில், களைப்புறும்வரை ஓடவிட்ட சுண்டெலிகளுக்கு ஓட்ஸ் பீட்டா குளுக்கானைக் குடிநீரில் கலந்தளித்தபோது, மூக்கு வழியே செலுத்திய வைரஸால் அவை நோயுறுவது குறைந்தது. பெருவிழுங்கணுக்களின் எதிர்ப்பும் கூடியது. செய்தித்தாள்களுக்கு அது போதுமானதாயிற்று. பின்னர் அமெரிக்காவில் டேவிட் நீமன் குழுவினர் பயிற்சி பெற்ற 36 மிதிவண்டி வீரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 5.6 கிராம் அதே பொருளை அளித்தனர். எதிர்ப்பு அணுக்களின் செயலிலோ, சளி இருமல் கண்டோர் தொகையிலோ இரு பிரிவினரிடையே வேறுபாடு தோன்றவில்லை. 2008இல் வெளியான இம்முடிவு எந்தப் பொட்டலத்தின் மீதும் அச்சாகி நாம் பார்த்ததில்லை. அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை 1997இல் ஓட்ஸுக்கு ஒரு நலவாசகத்தை ஒப்பியது உண்மை. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான், கொழுப்பைக் குறைத்து இதயநோய் இடரைத் தணிக்கலாம் என்பதே அது. அவ்வாசகம் இதயத்தைப் பற்றியது. எதிர்ப்பாற்றலைப் பற்றியதன்று.

அப்படியாயின் கூலத்திற்கும் காவலருக்கும் உறவே இல்லையோ எனில், உண்டு. அது சுற்றுவழியில் அமைந்துள்ளது. நம்மால் செரிக்கவியலாத நார்ப்பொருள் பெருங்குடலை அடைகிறது. அங்கு வாழும் கோடானுகோடிப் பாக்டீரியாக்களுக்கு அதுவே விருந்து. அவை அதனை நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் சிறு அமிலங்களை ஈனுகின்றன. பியூட்டிரிக் அமிலம் பெருங்குடல் உட்சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மை எரிபொருள். அத்துடன் அது காவலர்க்கும் ஆணை இடுகிறது. 2013இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள், இவ்வமிலங்கள் எலிகளின் பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைப் பெருக்குவதைக் காட்டின.

இவ்வணுக்கள் போரிடுவோர் அல்லர், போரை நிறுத்துவோர். 1995இல் சிமோன் சகாகுச்சி இவற்றை இனங்கண்டார். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் இத்துறைப் பணிக்கே அளிக்கப்பட்டது. காவலர் பெருகிக் கட்டுக்கடங்காது போயின் சொந்த வீட்டையே கொளுத்துவர். மூட்டுவாதம் முதலான பல நோய்கள் அவ்வகையின. ஆதலின் எதிர்ப்பாற்றலைப் 'பெருக்குதல்' என்னும் விளம்பரச் சொல்லே பொருட்பிழை உடையதென்பது நம் கருத்து. நார்ப்பொருள் மிகுந்த கூலம் செய்வது பெருக்குதலைவிட அமைதிப்படுத்துதலுக்கே நெருங்கியது.

மனிதரிடம் இதன் அளவு எத்துணை? 2017இல் பாஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 81 பேருக்கு ஆறு வாரம் உணவளித்து ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர்க்குத் தவிடு நீங்காத தானியம், மற்றவர்க்குத் தீட்டிய தானியம். தவிட்டோடு உண்டோரிடம் குடற் பாக்டீரியாக்களில் நல்ல மாற்றமும், நினைவு டி அணுக்களில் சிறிய ஏற்றமும் காணப்பட்டன. சிறிய என்னும் அடைமொழியை விட்டுவிடாமல் படிக்கவேண்டும்.

துத்தநாகம்

தவிட்டின் புகழையே பாடிக்கொண்டிருப்பின் அதன் மறுபக்கம் மறைந்துபோம். தவிட்டில் ஃபைட்டிக் அமிலம் உண்டு. அது இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பற்றி, குடல் அவற்றை உறிஞ்சவொட்டாது தடுக்கிறது.

பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றினார். 21 வயது இளைஞர் ஒருவர் பத்து வயதுச் சிறுவனின் தோற்றத்தோடு அவரிடம் வந்தார். அத்தகையோர் அப்பகுதிச் சிற்றூர்களில் பலர் இருந்தனர். அவர்தம் உணவு பெரும்பாலும் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி. இறைச்சி அரிது. மண்ணையும் தின்றனர். துத்தநாகக் குறைவே இதற்குக் காரணமாகலாம் என்று பிரசாத் ஐயுற்றார். பின்னர் எகிப்தில் ஆராய்ந்து 1963இல் அதனை மெய்ப்பித்தார். துத்தநாகம் அளிக்கப்பட்டோர் உயரம் வளர்ந்தனர், பருவம் எய்தினர். ஈரானில் கண்ட அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் 25 வயதுக்குள் தொற்றுநோய்களால் மாண்டனர் என்பதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். தைமஸ் சுரப்பியின் தைமுலின் என்னும் பொருள் துத்தநாகமின்றி இயங்காது. அது இயங்காதபோது டி அணுக்கள் முதிர்வதில்லை. வயிறு நிறைய முழுத்தானியம் உண்டும் காவலர் மெலிந்துபோன வரலாறு இது.

இறுகிய பிடியைத் தளர்த்தும் வழி நொதித்தலும் முளைகட்டுதலும். அவ்விரண்டிலும் ஃபைட்டேஸ் என்னும் நொதி ஃபைட்டிக் அமிலத்தைச் சிதைக்கிறது. இரவெல்லாம் புளித்த கம்பங்கூழும், கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவும், இட்லி மாவும் இவ்வகையில் பயனுடையன. நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவோர் நொய்யரிசியோடு பருப்பும் சிறிது இறைச்சியும் சேர்ப்பதுண்டு. இறைச்சியிலுள்ள துத்தநாகம் எளிதில் உடலில் சேர்வது. கஞ்சி காய்ச்சும் பெரியவர் துத்தநாகத்தை எண்ணிச் சேர்க்கவில்லை. சுவையை எண்ணியே சேர்த்தார் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஒருவர்க்கு அமுதம், ஒருவர்க்கு

தொடக்கத்தில் சுட்டிய இல்லத்துக் காரணத்தை இனிக் கூறலாம். நம் உறவில் ஒரு சிறுமி. தந்தையார் வடநாட்டு நகரொன்றில் வணிகம் செய்தமையால் அங்கேயே வளர்ந்தாள். நான்கு வயதில் எடை நின்றது. வயிறு உப்பியது. ஓயாத வயிற்றுப்போக்கு. விடுமுறையில் ஊர் வந்தபோது அவளுடைய உம்மம்மா உருகி, கோதுமையை வறுத்துத் திரித்துப் பால் விட்டுக் கஞ்சி காய்ச்சி, "ஒடம்பு தேறணும்மா, குடி" என்று நாளும் இருவேளை ஊட்டினார்கள். நாமும் அருகிருந்து, கோதுமை வலிமை தரும் என்று எடுத்துக்கூறினோம். குழந்தை மேலும் மெலிந்தாள். பூச்சி மருந்து, டானிக், ஓதிப்பார்த்தல் என ஓராண்டு சென்றது. இறுதியில் ஒரு மருத்துவர் குருதியைச் சோதித்து, சீலியாக் நோய் என்றார்.

கோதுமையின் புரதம் குளூட்டன். வாற்கோதுமையிலும் கம்பரிசியிலும் அதனை ஒத்த புரதங்கள் உண்டு. (கம்பரிசி என்று ஈண்டுக் குறிப்பது மேனாட்டு ரை தானியத்தை. நம் கம்பு வேறு, அது தீங்கற்றது.) இப்புரதம் முற்றும் செரிக்காமல் சில துணுக்குகளாய் எஞ்சுகிறது. குறிப்பிட்ட மரபுக்கூறு உடையோரில், டி அணுக்கள் அத்துணுக்கைப் பகையெனக் கொண்டு எழுகின்றன. எழுந்த போரில் சிறுகுடலின் விரல் போன்ற உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. உடலின் சொந்த நொதியாகிய திசு டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் தோன்றுகிறது. 1997இல் பெர்லினில் கண்டறியப்பட்ட இவ்வுண்மையே இன்றைய குருதிச் சோதனைக்கு அடிப்படை. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944-45இல், ஆலந்தில் ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பசியால் வாட, இந்நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி மீண்டதும் நோயும் மீண்டது. 1950இல் அவர்தம் ஆய்வேடு வெளிவந்தது.

தமிழகத்து மருத்துவர் பலர் இந்நோயை எண்ணிப்பாராமைக்குக் காரணமும் உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடபகுதியில் நூற்றுக்கு ஒருவர்க்குச் சற்று மேலும், தென்பகுதியில் ஆயிரத்தில் ஒருவர்க்கும் காணப்பட்டது. ஆனால் மரபுக்கூறு உடையோர் விகிதம் இரு பகுதியிலும் பெரிதும் வேறுபடவில்லை. வேறுபட்டது கோதுமை உண்ணும் அளவு. இன்று நம் விடுதிகளில் இரவுதோறும் சப்பாத்தி. தெருமுனைதோறும் பரோட்டாக் கல். நீரிழிவு கண்ட பெரியவர்கள் சோற்றை விடுத்துக் கோதுமைக்கு மாறுகின்றனர். தேறாத வயிற்றுப்போக்கும் விளங்காத சோகையும் கண்டால் இச்சோதனையையும் எண்ணிப்பார்க்குமாறு மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து நோய் மறைந்துகொள்ளும் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். நோயில்லாதாருள் பெரும்பாலோர்க்குக் கோதுமை தீங்கு செய்வதில்லை.

அச்சிறுமிக்கு மருந்து ஏதும் தரப்படவில்லை. கோதுமை மட்டும் நிறுத்தப்பட்டது. இட்லியும் இடியாப்பமும் கேழ்வரகு அடையும் உண்டு ஆறு மாதத்தில் கன்னம் பூரித்தாள். இப்போது பன்னிரண்டு வயது. தம் கஞ்சியே குழந்தையை வாட்டியது என்று உம்மம்மா நெடுநாள் அழுதார்கள். அருகிருந்து எடுத்துக்கூறிய நாமும் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசினோம். சென்ற பெருநாளன்று வீட்டினர்க்கு வழக்கமான சேமியாப் பாயசம் கொதித்துக்கொண்டிருக்க, அவர்கள் அரிசிச் சேமியாவை வேறு சட்டியில், வேறு அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். உதவப்போன மருமகள் பழைய அகப்பையை நீட்டியபோது, "அது வேணாம்மா, அதுல கோதுமை பட்டிருக்கு" என்று தடுத்துவிட்டார்கள்.